கமுதியை நோக்கி வரும் மேகம்: செயற்கைக்கோள் படங்களும் சூரிய மின்சார முன்கணிப்பும்

2019 டிசம்பர் 26 அன்று காலை தமிழ்நாட்டின் மீது கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று அது கடந்து செல்லும் பாதையும், ஒவ்வோர் ஊரிலும் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குத் தெரியும் என்பதும் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிடப்பட்டிருந்தன. ஆகவே சூரிய மின் நிலையங்களின் உற்பத்தி எப்போது சரியத் தொடங்கும், எப்போது மீளும் என்பதை மின்தொகுப்பை இயக்குவோர் முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்பத் திட்டமிட முடிந்தது. சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நிலவின் நிழலை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. ஆனால், தலைக்கு மேல் 2 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஒரு மேகத்தின் நிழல் அடுத்த ஒரு மணி நேரத்தில் எந்த ஊரில் விழும் என்று சொல்வது இன்றைக்கும் கடினமாகவே இருக்கிறது.

இந்தக் கடினத்தைக் குறைப்பதற்கு உலகெங்கும் கையாளப்படும் முக்கியமான வழி, செயற்கைக்கோள் படங்களில் மேகங்களின் நகர்வைப் பின்தொடர்ந்து, அதையே எதிர்காலத்துக்கு நீட்டிப் பார்ப்பது. வழி எளிமையானதாகத் தோன்றினாலும், மேகம் எங்கே போகிறது என்பதைவிட, போகும் வழியில் அது மேகமாகவே நீடிக்குமா என்ற கேள்விதான் இதில் பெரிய சிக்கல் என்பதே என் கருத்து. தென்னிந்திய வானத்தில் இந்தச் சிக்கல் மற்ற பல இடங்களைவிடக் கூர்மையாக வெளிப்படுகிறது.

முதலில், இந்த முன்கணிப்பு யாருக்கு, எவ்வளவு நேரத்துக்கு முன்னால் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். மின்தொகுப்பில் ஒவ்வொரு கணமும் உற்பத்தியும் நுகர்வும் சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமநிலை பிசகினால் 50 ஹெர்ட்ஸ் என்ற அலைவெண் விலகத் தொடங்குகிறது. இந்தியாவில் ஒரு நாள் 15 நிமிடங்கள் கொண்ட 96 பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிளாக்கிலும் எவ்வளவு மின்சாரம் தருவோம் என்று ஒவ்வொரு நிலையமும் முன்கூட்டியே அட்டவணை கொடுக்கிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் வகுத்த முறைப்படி, காற்றாலை, சூரிய மின் நிலையங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் நாளொன்றுக்கு 16 முறை வரை தங்கள் அட்டவணையைத் திருத்திக்கொள்ள முடிந்தது. திருத்தம் நான்காவது பிளாக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அட்டவணைக்கும் உண்மை உற்பத்திக்கும் உள்ள வேறுபாடு, நிலையம் அந்நேரம் தரக்கூடிய திறனில் 15 சதவீதத்தைத் தாண்டினால் அபராதம் இருந்தது. அதன் பிறகு விதிகள் பல முறை மாறியிருக்கின்றன. மாற்றங்களின் போக்கு, தளர்வைக் குறைப்பதாகவே இருந்து வருகிறது.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகும். 2015 முறைப்படி, கொடுத்த திருத்தம் நடைமுறைக்கு வர முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த திருத்தம் அமலுக்கு வரும் வரை, அதாவது மேலும் ஒன்றரை மணி நேரத்துக்கு, அதுவே செல்லுபடியானது. ஆக, நிலையத்தின் முன்கணிப்பாளருக்கு மிகவும் தேவைப்பட்டது சுமார் முக்கால் மணி முதல் இரண்டரை மணி நேரத்துக்குப் பிந்தைய வானம். மின்தொகுப்பின் உற்பத்தியையும் நுகர்வையும் சமன்படுத்தும் மின்பளு பகிர்வு மையத்தில் அமர்ந்திருப்பவரின் தேவையும் ஏறத்தாழ இதேதான். அனல் மின் நிலையத்தின் உற்பத்தியை ஏற்றி இறக்க நேரம் பிடிக்கும். ஆனைமலைப் பகுதியில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் போன்றவை நிமிடங்களில் கைகொடுக்கும் என்றாலும், மேல் அணையில் உள்ள நீரை எப்போது செலவிடுவது என்று முடிவு செய்ய முன்னறிவு வேண்டும்.

இந்தக் கால அளவை மற்ற கருவிகளால் நன்றாக எட்ட முடிவதில்லை. நிலையத்தின் நடுவே வானத்தை நோக்கி வைக்கப்படும் மீன்கண் கேமரா தன் பார்வைக்குள் வரும் மேகங்களை மட்டுமே அறியும் என்பதால், அதன் எல்லை 15, 20 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மறுபுறம், வளிமண்டலத்தின் இயற்பியல் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும் எண்முறை வானிலை மாதிரிகள் நாளைய வானத்தைப் பற்றிப் பயனுள்ள தகவல் தரும். ஆனால் அவை சில மணி நேரங்களுக்கு ஒரு முறையே புதிதாக ஓட்டப்படுகின்றன, ஓடி முடிக்கவும் நேரம் எடுக்கின்றன, இந்தக் கணத்தில் எந்த மேகம் எந்த வட்டாரத்தின் மேல் நிற்கிறது என்பதை அவை சரியாகத் தொடங்குவதும் இல்லை. ஏறத்தாழ அரை மணி நேரத்திலிருந்து நான்கு, ஆறு மணி நேரம் வரையிலான இடைவெளியில் செயற்கைக்கோள் படமே மேலோங்கி நிற்கிறது என்பது பல நாட்டு ஒப்பீடுகளில் மீண்டும் மீண்டும் உறுதியான முடிவு.

மேகங்களை வானிலிருந்து பின்தொடரும் எண்ணம் சூரிய மின்சாரத்தைவிடப் பழையது. 1966 டிசம்பரில் அமெரிக்கா ஏவிய ஏடிஎஸ்-1 செயற்கைக்கோளில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வெர்னர் சுவோமி உருவாக்கிய கேமரா இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுழலும் செயற்கைக்கோள், தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்கிறது. ஆகவே அடுத்தடுத்த படங்களுக்கு இடையே இடம் மாறியிருப்பது மேகம் மட்டுமே. அந்தப் படங்களை வரிசையாக ஓடவிட்டு, மேகங்கள் நகர்ந்த தூரத்தை அளந்து காற்றின் வேகத்தைக் கணக்கிட்ட முன்னோடிகளில், சூறாவளி ஆய்வுக்குப் புகழ்பெற்ற டெட் ஃபுஜிட்டாவும் ஒருவர். கடலின் மேல் காற்றை அளக்க வழியில்லாத வானிலையாளர்களுக்கு அது பெரிய வரமாக அமைந்தது. இன்றும் இந்திய வானிலை ஆய்வுத் துறை இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து இத்தகைய மேக நகர்வுத் திசையன்களை (நகர்வின் வேகத்தையும் திசையையும் சேர்த்துக் காட்டும் அளவுகளை) நாள் முழுதும் கணக்கிட்டு வருகிறது.

இந்தியாவின் வானிலைப் பணிக்கான செயற்கைக்கோள்களில் 2013இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி, 2016இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவை ஒரே குடும்பம். இவற்றின் படக்கருவி ஆறு அலைவரிசைகளில் பார்க்கிறது: கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் குறு அகச்சிவப்பிலும் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய புள்ளி, தரையில் 1 கிலோமீட்டர்; வெப்ப அகச்சிவப்பில் 4 கிலோமீட்டர்; நீராவியைக் காட்டும் வரிசையில் 8 கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மேகத்தின் தடிமன் தெரிகிறது. வெப்ப அகச்சிவப்பில் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதும், அதிலிருந்து அதன் உயரமும் தெரியவருகின்றன.

இந்தப் படத்திலிருந்து சூரியக் கதிர்வீச்சுக்கு வருவதற்கு இன்றளவும் அடிப்படையாக இருப்பது, பிரான்சில் பாரிஸ் சுரங்கவியல் உயர்கல்விப் பள்ளியின் ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஹீலியோசாட் முறை. அதன் தர்க்கம் அழகானது. மேகமில்லாத நாளில் ஓரிடத்தின் தரை எவ்வளவு மங்கலாகத் தெரியும் என்பதைக் கடந்த சில வாரப் படங்களில் அந்தப் பிக்சலின் மிகக் குறைந்த பிரகாசத்தைக் கொண்டு அறியலாம். அடர்ந்த மேகம் எவ்வளவு பளிச்சென்று தெரியும் என்பதும் தெரிந்ததே. இன்றைய பிரகாசம் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே எங்கே விழுகிறது என்பதே மேகக் குறியெண்; அது பூஜ்யத்தை நெருங்கினால் தெளிவான வானம், ஒன்றை நெருங்கினால் கனத்த மேகம். மேகமே இல்லாவிட்டால் அந்த நாளில், அந்த நிமிடத்தில், அந்த ஊரில் எவ்வளவு வெயில் விழும் என்பதைச் சூரியனின் கோணத்தையும் காற்றிலுள்ள தூசி, நீராவி ஆகியவற்றையும் கொண்டு நன்றாகவே கணக்கிடலாம். தெளிவான நண்பகலில் தமிழ்நாட்டில் அது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட். அதை மேகக் குறியெண்ணுக்கு ஏற்பக் குறைத்தால், தரையில் விழும் கதிர்வீச்சின் மதிப்பீடு கிடைத்துவிடுகிறது.

இந்த அழகான தர்க்கம் தடுமாறும் இடங்களும் உண்டு. குஜராத்தின் கவ்டாவில் மிகப் பெரிய சூரிய, காற்று மின் பூங்கா உருவாகி வருகிறது. அதை ஒட்டிக் கிடப்பது கட்ச்சின் உப்புப் பாலை. காய்ந்த உப்புத் தரை மேலிருந்து பார்க்க மேகத்தைப் போலவே வெளுத்திருக்கும். மழைக்காலத்தில் நீர் தேங்கினால் அதே தரை கறுத்துவிடும். தரைக்கும் மேகத்துக்கும் இடையிலான பிரகாச வேறுபாடு சுருங்கிய அத்தகைய இடத்தில், ஒரு மெல்லிய மேகம் கண்ணுக்கே படாமல் கடந்து போகலாம். லடாக்கின் பனியிலும் இதே தொல்லை. அங்கே வெப்ப அகச்சிவப்பையும், பனியையும் மேகத்தையும் பிரித்துக்காட்டும் குறு அகச்சிவப்பையும் துணைக்கு அழைக்காமல் முடியாது.

இனி நகர்வுக்கு வருவோம். அடுத்தடுத்த இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு, முதல் படத்தின் ஒரு சிறு சதுரத்தை இரண்டாவது படத்தில் சுற்றுமுற்றும் நகர்த்திப் பார்த்து, எங்கே மிக நன்றாகப் பொருந்துகிறதோ அந்த இடப்பெயர்ச்சியை நகர்வுத் திசையன் என்று கொள்வது பழைய முறை. படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு திசையன் தரும் ஒளியோட்டக் கணிப்புகள் கணினிப் பார்வைத் துறையிலிருந்து வந்தவை. 1981இல் ஹார்ன், ஷங்க் ஆகியோர் ஒரு முறையையும் லூகாஸ், கனாடே ஆகியோர் மற்றொரு முறையையும் வெளியிட்டார்கள். இன்று மேக முன்கணிப்பில் பயன்படும் நிரல்கள் பலவும் இவற்றின் வழித்தோன்றல்களே.

திசையன்கள் கிடைத்த பிறகு முன்கணிப்பு எப்படி நடக்கிறது என்பதை ஓர் உண்மையான இடத்தை வைத்துப் பார்க்கலாம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதி அருகே 2016இல் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. ஆடி மாதத்தில் ஒரு நாள் தாழ்வான மேகங்கள் மேற்கு, வடமேற்கிலிருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் கழித்துக் கமுதியில் என்ன நிகழும் என்று அறிய, திசையன்களின் வழியே பின்னோக்கி நடந்து, இப்போது அருப்புக்கோட்டையின் மேல் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குச் சிவகாசி வட்டார வானத்தைப் பார்க்க வேண்டும். 2015 ஒழுங்குமுறை விதி கேட்ட இரண்டரை மணி நேர எல்லைக்குப் போனால், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை எட்டிவிடுவோம். மேகத்தின் நிழல் நிலையத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் செல்ல, அதே வேகத்தில், ஐந்து நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். ஒரே நிலையத்தில் 648 மெகாவாட் குவிந்திருப்பதன் பொருள் இதுதான்: மாநிலம் முழுதும் சிதறிக் கிடந்தால் ஒன்றின் இழப்பை மற்றொன்று ஈடுகட்டியிருக்கும், இங்கே போதிய அளவுள்ள ஒரே மேகத்தொகுதி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

மலையடிவாரத்தை எட்டும்போதுதான் இந்த முறையின் அடிப்படை அனுமானமே ஆட்டம் காண்கிறது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. மறுபுறம் இறங்கும்போது சூடேறி மேகம் கரைகிறது. கொதிக்கும் பானையின் வாயருகே ஆவி ஒரே இடத்தில் நிற்பதுபோல, காற்று ஓடிக்கொண்டே இருக்க மேகம் முகட்டிலேயே நிற்கிறது. படங்களை ஒப்பிடும் நிரல் அந்த மேகத்தின் வேகம் பூஜ்யம் என்று சொல்லும். அது காற்றின் வேகம் அல்ல. சில வேளைகளில் சுற்றிலும் உள்ள திசையன்களின் தாக்கத்தால் நிரல் அந்த மலை மேகத்தைச் சமவெளிக்குள் இழுத்துக்கொண்டு வந்து, வராத மேகத்துக்காக உற்பத்தியைக் குறைத்துக் காட்டும். விருதுநகர், தென்காசி மாவட்டங்களின் மழைமறைவுப் பகுதியில் முன்கணிப்பு செய்கிறவர் இதை மனதில் கொள்ளாமல் வெளிநாட்டு நிரலை அப்படியே ஓட்டினால், தவறு தற்செயலாக வராது. நாள்தோறும் ஒரே பக்கமாக வரும்.

இன்னொரு சிக்கல், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்துக்கே உரியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தீபகற்பத்தின் மேல், தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து வலுவான காற்றோட்டம் வீசுகிறது, பி. வி. ஜோசப்பும் பி. எல். ராமனும் 1966இல் இதை விவரித்தார்கள். அதே நேரத்தில் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி இன்னும் வேகமான காற்றோடை பாய்கிறது. வெப்பமண்டலக் கீழைத்தாரை எனப்படும் இதை 1958இல் உலகுக்கு எடுத்துக்காட்டியவர் இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம். ஆகவே ஜூலை மாதத்துப் படம் ஒன்றில், தாழ்வான திரள் மேகங்கள் கிழக்கு நோக்கியும், அவற்றின் மேலே வங்கக் கடலின் இடிமேகங்களிலிருந்து பரவிய மெல்லிய கீற்று மேகங்கள் மேற்கு நோக்கியும் நகர்கின்றன. ஒரு பிக்சலுக்கு ஒரு திசையன் என்று வகுத்துக்கொண்ட முறை இந்த இரண்டையும் கலந்து, இரண்டுக்கும் பொருந்தாத ஒரு சராசரியைத் தரும். மேகங்களை வெப்ப அகச்சிவப்பின் துணையால் உயரவாரியாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் தனித் திசையன் கணக்கிடுவதே முறையான தீர்வு; ஆனால் மேல் அடுக்கு கீழ் அடுக்கை மறைத்துக்கொண்டிருக்கும்போது கீழே என்ன நடக்கிறது என்பதை வானிலை மாதிரியின் காற்றைக் கொண்டு ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. பெரும்பாலான ஆய்வுகள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மையமாகக் கொண்டவை என்பதால், நேரெதிர்த் திசைகளில் ஓடும் இந்த இரட்டை அடுக்குக்கு அவற்றில் போதிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

மூன்றாவது, மேகத்தின் ஆயுள். கோடைப் பிற்பகலில் சூடேறிய தரையின் மேல் எழும் சிறு திரள் மேகம் ஒன்று பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தோன்றி, வளர்ந்து, கரைந்துவிடுகிறது. இன்சாட் வகைச் செயற்கைக்கோள் பூமியின் முழு வட்டத்தையும் வரிவரியாகப் படித்து முடிக்கவே 25 நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. அரை மணிக்கு ஒரு முழுப்படம் என்பது அதன் வழக்கமான வேகம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மேகம் அதற்குள் 18 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். முதல் படத்தில் கண்ட மேகம் இரண்டாவது படத்தில் உயிரோடு இல்லை. அதன் இடத்துக்கு அருகே புதிதாகப் பிறந்த வேறொரு மேகத்தை, உருவம் ஒத்திருப்பதால், பழைய மேகம் என்று நிரல் எடுத்துக்கொள்கிறது. கிடைப்பது ஒரு திசையன்தான், ஆனால் அதற்கு இயற்பியல் பொருள் எதுவும் இல்லை. இரண்டு இன்சாட் செயற்கைக்கோள்களின் படங்களை இடைவிட்டு அமைத்து 15 நிமிடத்துக்கு ஒரு படம் பெறும் ஏற்பாடு இந்தத் தொல்லையைக் குறைக்கிறது. ஜப்பானின் ஹிமாவாரி-8 2015 முதலே முழு வட்டத்தை 10 நிமிடத்துக்கு ஒரு முறை தந்தது. அமெரிக்காவின் கோஸ்-16 தன் நாட்டுப் பரப்பை 5 நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்தது. ஹிமாவாரி நிற்கும் இடம் 140.7 பாகை கிழக்குத் தீர்க்கரேகை என்பதால், தமிழ்நாடு அதன் வட்டத்தின் ஓரத்தில் மிகச் சாய்வாகவே தெரியும்.

சாய்வைப் பற்றிய பேச்சு வந்ததால், பலரும் கவனிக்கத் தவறும் வடிவியல் பிழைகளையும் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் சாய்வாகப் பார்க்கும்போது, உயரத்தில் உள்ள மேகம் அதற்கு நேர் கீழே உள்ள ஊரின் மேல் தெரியாமல், அப்பால் தள்ளித் தெரிகிறது. 82 பாகை கிழக்கில் நிற்கும் இன்சாட்டுக்குக் கமுதி ஏறத்தாழ நேர் கீழே இருப்பதால் 10 கிலோமீட்டர் உயர மேகத்துக்கு இந்த இடமாறு பிழை சுமார் 2 கிலோமீட்டர்தான். அதே மேகம் லண்டனின் மேல் இருந்து, நிலநடுக்கோட்டுக்கு மேல் பூஜ்யத் தீர்க்கரேகையில் உள்ள ஐரோப்பாவின் மெட்டியோசாட் செயற்கைக்கோள் பார்த்தால் பிழை 16 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்குக் கிடைத்திருக்கும் இந்த வசதியை நாம் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் சூரியனின் சாய்வு நமக்கும் உண்டு. காலை எட்டு மணியளவில் சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது, 12 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கீற்று மேகத்தின் நிழல் 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி விழுகிறது; அதாவது அந்நேரத்தில் கமுதிப் பேனல்களை மறைக்கும் மேகம் கமுதியின் மேல் இல்லை, கிழக்கே முதுகுளத்தூரையும் தாண்டிய வானத்தில் இருக்கிறது. மேகத்தின் உயரத்தைத் தவறாகக் கணித்தால் நிழலின் இடமும் நேரமும் சேர்ந்து தவறிவிடும்.

விடியற்காலைக்குத் தனிச் சிக்கல் உண்டு. உற்பத்தி பூஜ்யத்திலிருந்து விரைந்து ஏறும் முதல் இரண்டு மணி நேரத்துக்கான முன்கணிப்பு, இருட்டாக இருக்கும்போதே தயாராக வேண்டும். அப்போது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் படமே இல்லை. வெப்ப அகச்சிவப்பிலோ, தரையை ஒட்டிய மூடுபனியும் தாழ்ந்த படை மேகமும் தரையின் வெப்பநிலையிலேயே இருப்பதால் பின்னணியோடு கலந்துவிடுகின்றன. 3.9, 10.8 மைக்ரான் அலைநீளங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கொண்டு இரவில் மூடுபனியைக் கண்டுபிடிக்கும் உத்தி நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் வெயில் ஏறிய பின் அந்த மூடுபனி எத்தனை மணிக்கு விலகும் என்பதை அது சொல்லாது. வட இந்தியாவின் குளிர்காலக் காலைகளில் முன்கணிப்புகள் மிகவும் தவறுவது இங்கேதான்.

கடந்த பத்தாண்டுகளில் இயந்திரக் கற்றல் இந்தத் துறைக்குள் வேகமாக நுழைந்திருக்கிறது. 2015இல் ஹாங்காங் ஆய்வாளர்கள், ரேடார் படங்களின் வரிசையிலிருந்து அடுத்த படங்களைக் கணிக்க ஒரு நரம்பியல் வலைப்பின்னலை வடிவமைத்தார்கள். 2021இல் டீப்மைண்ட் நிறுவனமும் பிரிட்டன் வானிலை அலுவலகமும் இணைந்து, மழை எங்கே பெய்யும் என்பதை அடுத்த 90 நிமிடங்களுக்குக் கணிக்கும் மாதிரியை வெளியிட்டன. மேகங்களுக்கும் இதே வழிகள் பொருந்துகின்றன. திசையனை நேர்க்கோட்டில் நீட்டுவதோடு நின்றுவிடாமல், மலைமுகட்டில் மேகம் நிற்கும் என்பதையும், பிற்பகலில் கடற்காற்று உள்ளே வரும்போது கடலோரத்தில் மேகம் கரையும் என்பதையும் பல ஆண்டுப் படங்களிலிருந்து இந்த மாதிரிகள் தாமாகவே கற்றுக்கொள்ள முடியும் என்பதே இவற்றின் மேல் எனக்குள்ள நம்பிக்கைக்குக் காரணம்.

ஆனால் ஒரு பொறியைக் குறிப்பிட்டாக வேண்டும். பிழையின் வர்க்கத்தைச் சராசரியாகக் குறைக்கும்படி ஒரு மாதிரியைப் பயிற்றுவித்தால், நேரம் போகப்போக அது தரும் படங்கள் புகைமூட்டம்போல மங்கிவிடும். மேகம் நிலையத்தின் மேல் வரவும் வாய்ப்பு உண்டு, வராமல் வடக்கே ஒதுங்கவும் வாய்ப்பு உண்டு என்ற நிலையில், பிழையைக் குறைக்க மிகவும் பாதுகாப்பான விடை இரண்டுக்கும் நடுவே அரை மேகம் என்று சொல்வதுதான். உண்மையில் அரை மேகம் என்ற நிலையே நிகழாது: உற்பத்தி முழுமையாக இருக்கும் அல்லது ஐந்தில் ஒரு பங்காக விழும். சராசரிப் பிழை குறைந்திருக்கிறது என்ற எண்ணிக்கையைக் காட்டி இத்தகைய மாதிரியைச் சிறந்தது என்று சொல்பவர்கள், மின்பளு பகிர்வு மையத்தில் இருப்பவர் அஞ்சுவது சராசரியை அல்ல, திடீர்ச் சரிவையே என்பதை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் ஒரே எண்ணுக்குப் பதிலாக, பத்தில் ஒரு முறை மட்டுமே இதற்குக் கீழே போகும், பத்தில் ஒரு முறை மட்டுமே இதற்கு மேலே போகும் என்று எல்லைகளோடு சொல்லும் நிகழ்தகவு முன்கணிப்பு தேவைப்படுகிறது. எவ்வளவு இருப்பு மின்திறனைத் தயாராக வைப்பது என்ற முடிவை அந்தக் கீழ் எல்லையை வைத்தே எடுக்க முடியும்.

பிரிட்டனில் ஜாக் கெல்லி, டேன் டிராவர்ஸ் ஆகியோர் தொடங்கிய ஓபன் கிளைமேட் ஃபிக்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, அந்நாட்டின் மின்தொகுப்பு இயக்குநருடன் இணைந்து இப்படிப்பட்ட முன்கணிப்பை உருவாக்கியிருக்கிறது. மெட்டியோசாட்டின் 5 நிமிடப் படங்களையும் வானிலை மாதிரியின் முடிவுகளையும் சேர்த்து ஊட்டும் அந்த முறையின் நிரல்கள் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. அதன் வெற்றிக்குச் செயற்கைக்கோள் மட்டும் காரணமல்ல. ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் அந்நாட்டின் மொத்தச் சூரிய மின் உற்பத்தியை அரை மணிக்கு ஒரு முறை மதிப்பிட்டு வெளியிடுகிறது. மாதிரி சொன்னது சரியா தவறா என்று ஒவ்வோர் அரை மணியும் ஒப்பிட்டுக் கற்க அந்தத் தரவே வழி செய்கிறது.

நம் நாட்டில் குறை இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். படங்கள் அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மாஸ்டாக் இணையதளத்தில் கிடைக்கின்றன. தரையில் கதிர்வீச்சை அளக்க, சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் 2011இல் முதல் கட்டமாக நாடெங்கும் 51 நிலையங்களை நிறுவியது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் மிகுந்த மாநிலங்களுக்கென முன்கணிப்பு வசதியுடன் கூடிய மேலாண்மை மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் நிலையம் வாரியான 15 நிமிட உற்பத்தித் தரவு வெளி ஆய்வாளர்களின் கைக்கு எளிதில் எட்டுவதில்லை. அது இல்லாமல், மேகக் குறியெண்ணிலிருந்து மெகாவாட்டுக்குச் செல்லும் கடைசிப் படியை யாரும் நம்பகமாகச் சரிபார்க்க முடியாது. பேனலின் மேல் படிந்த தூசி, பழுதடைந்த இன்வெர்ட்டர், மின்தொகுப்பின் கட்டளையால் உற்பத்தியைக் குறைத்த வேளை எல்லாம் மேகத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். அப்படிப்பட்ட தரவில் பயின்ற மாதிரி, தெளிவான வானத்திலும் மேகத்தை எதிர்பார்க்கப் பழகிவிடும்.

வீட்டுக் கூரைகளின் மேல் உள்ள பேனல்கள் இந்தத் தேவையை இன்னும் அவசரமாக்குகின்றன. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. கூரையில் உற்பத்தியாகி வீட்டிலேயே செலவாகும் மின்சாரம் எந்த மையத்தின் திரையிலும் தெரியாது. சென்னையின் மேல் ஒரு மேகத்தொகுதி பரவும்போது, அங்கே உற்பத்தி குறைந்தது என்று மின்பளு மையத்துக்குத் தெரியவராது. நகரத்தின் மின்தேவை காரணமின்றித் திடீரென உயர்ந்ததாகவே தெரியும். லட்சக்கணக்கான கூரைகளில் தனித்தனிக் கருவி வைத்து ஒவ்வொரு நிமிடமும் அளப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. எந்தத் தெருவில் எத்தனை கிலோவாட் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற பதிவேட்டை ஒழுங்காக வைத்துக்கொண்டு, அதன் மேல் செயற்கைக்கோள் தரும் கதிர்வீச்சைப் பொருத்திப் பார்ப்பதுதான் இப்போதைக்கு இருக்கும் வழி. கூரையிலிருந்து தொகுப்புக்குச் செல்லும் மின்சாரத்தைக் கழித்துக் கணக்கிடும் நிகர அளவி இணைப்பு கொடுக்கும்போதே திறனும் இடமும் மின்வாரியத்தில் பதிவாகிவிடுகின்றன. அந்தப் பதிவேட்டை முன்கணிப்புக் குழுவின் மேசைக்குக் கொண்டுசேர்ப்பதற்குப் புதிய செயற்கைக்கோள் எதுவும் தேவையில்லை.